ஒன்பதும் பத்தும்: இரண்டாம் எண் டிரைவர்களை எப்படி ஒப்பிடுவது?

ஃபார்முலா 1 பேச்சு எங்கே நடந்தாலும் "அவன் சும்மா ஒத்து ஊத வந்தவன்பா" என்று ஒரு குரல் கேட்கும். ஃபெராரி அணியில் ஓட்டிய ரூபென்ஸ் பாரிக்கெல்லோவைப் பற்றி அப்படித்தான் பேசினார்கள். மெர்சிடிஸ் அணியில் ஓட்டிய வால்டேரி போட்டாஸ் பற்றியும் அப்படித்தான். அப்புறம் இரண்டு பேரில் யார் தேவலை என்று சண்டை ஆரம்பிக்கும். ஒருவர் வெற்றிகளை எண்ணுவார், இன்னொருவர் "ஆஸ்திரியாவில் என்ன நடந்தது தெரியுமா?" என்பார். பேச்சு அதோடு நின்றுவிடும். இருவரையும் எந்த அளவுகோலால் அளக்கிறோம் என்று கேட்பவர் இருக்க மாட்டார்.

நானும் பல வருடம் வெற்றிகளை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தவன்தான். அந்தக் கணக்கு எங்கே உதைக்கிறது என்பதை இந்த இரண்டு பேரை வைத்தே பார்த்துவிடலாம். கார் பந்தயம் பார்த்தே பழக்கமில்லாதவர்களுக்கும் புரியும்.

ஒத்து வேறு, இரண்டாவது நாதஸ்வரம் வேறு

கல்யாண மேளத்தில் ஒத்து வாசிப்பவர் ஒரே சுருதியை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பார். ராகம் அவர் வேலை இல்லை. பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்திருப்பார், கையில் முதல் வித்வானிடம் இருப்பதைப் போலவே ஒரு நாதஸ்வரம். அவருக்கும் எல்லாம் தெரியும். தனியாக விட்டால் ஒரு கச்சேரியே செய்வார். ஆனால் எதை வாசிப்பது, எப்போது விட்டுக்கொடுப்பது என்பதை முதல் வித்வான்தான் முடிவு செய்வார்.

ஃபார்முலா 1-இல் இரண்டாம் எண் டிரைவர் இந்த இரண்டாவது நாதஸ்வரக்காரர் மாதிரி. ஒவ்வொரு அணியும் இரண்டு கார்களை இறக்குகிறது. கார் ஒன்றேதான், ஓட்டுபவர்கள்தான் இரண்டு பேர். இருவரில் யாருக்கு உலகப் பட்டம் கிடைக்க வேண்டும் என்று அணி நினைக்கிறதோ அவர் முதல் எண். மற்றவர் இரண்டாம் எண். சில அணிகளில் இதை முதல் நாளே சொல்லிவிடுவார்கள். சில அணிகளில் "இருவரும் சமம்" என்றுதான் சீசன் தொடங்கும், பாதி வழியில் புள்ளிப் பட்டியல் மெதுவாக ஒருவரைப் பின்னால் தள்ளிவிடும். பாரிக்கெல்லோ இருந்த ஃபெராரி முதல் வகைக்குப் பக்கத்தில் வரும். போட்டாஸ் இருந்த மெர்சிடிஸ் இரண்டாம் வகை.

அணிக்கு இரண்டாமவர் எதற்கு?

பட்டங்கள் இரண்டு. ஒன்று டிரைவருக்கு, இன்னொன்று அணிக்கு. அணிப் பட்டத்துக்கு இரண்டு கார்களின் புள்ளிகளையும் கூட்டுவார்கள். பரிசுப் பணமும் அணிப் பட்டியலைப் பார்த்துத்தான் வருகிறது. 2021-இல் டிரைவர் பட்டத்தை ரெட் புல்லின் மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் 395.5 புள்ளிகளுடன் வாங்கினார். மெர்சிடிஸின் லூயிஸ் ஹாமில்டனுக்கு 387.5. ஆனால் அணிப் பட்டம் மெர்சிடிஸுக்குத்தான் போனது, ஏனென்றால் போட்டாஸ் 226 புள்ளி கொண்டுவந்தார், ரெட் புல்லின் செர்ஜியோ பெரஸ் 190-தான். முதல் எண்கள் இருவருக்கும் நடுவே 8 புள்ளி வித்தியாசம். இரண்டாம் எண்களுக்கு நடுவே 36. பட்டத்தை முடிவு செய்தது இந்த 36.

அடுத்த காரணம் கொஞ்சம் நுணுக்கமானது. அதை 2019 ஹங்கேரி பந்தயத்தை வைத்துச் சொல்கிறேன். மொத்தம் 70 சுற்று. வெர்ஸ்டாப்பன் முன்னால், ஹாமில்டன் அவர் வாலைப் பிடித்தபடி. அந்தத் தடத்தில் முந்துவது கஷ்டம். 48-வது சுற்றில் மெர்சிடிஸ் திடீரென்று ஹாமில்டனை உள்ளே கூப்பிட்டுப் புது டயர் மாட்டியது. இப்படி டயர் மாற்ற நிற்பதற்குப் பிட் ஸ்டாப் என்று பெயர். டயர் கழற்றி மாட்ட மூன்று விநாடிகூட ஆகாது. ஆனால் மெதுவாக உள்ளே வந்து மெதுவாக வெளியே போவதற்கும் சேர்த்துச் சுமார் 20 விநாடி போய்விடும். அந்த 20 விநாடிக்குள் பின்னால் வேறு கார் இருந்தால் அதற்குப் பின்னால்தான் போய் விழ வேண்டும்.

ஹாமில்டனுக்குப் பின்னால் யாருமே இல்லை. மூன்றாவதாக வந்துகொண்டிருந்த கார் வெகு தூரத்தில் இருந்தது. அதனால் நின்றுவிட்டு வந்தும் அவர் இரண்டாம் இடத்திலேயே இருந்தார். இழந்த இடம் பூஜ்யம், கையில் புது டயர். துரத்திப் பிடித்து 67-வது சுற்றில் வெர்ஸ்டாப்பனை முந்தி ஜெயித்தார்.

சரி, அன்று ரெட் புல்லின் இரண்டாவது கார் எங்கே இருந்தது? அதை ஓட்டிய பியர் கேஸ்லி ஒரு சுற்று பின்தங்கி ஆறாவதாக வந்தார். அவர் ஹாமில்டனுக்குப் பின்னால் 15 விநாடி தூரத்தில் இருந்திருந்தால் மெர்சிடிஸ் இந்த ஆட்டத்தை ஆட யோசித்திருக்கும். யாரையும் முந்த வேண்டாம், சும்மா அந்த இடத்தில் ஓடிக்கொண்டிருந்தாலே போதும். அடுத்த பந்தயத்துக்குள் கேஸ்லியின் இருக்கைக்கு வேறு ஆள் வந்துவிட்டார்.

இதுவரை பார்த்ததை ஒரு வரியில் சொன்னால்: இரண்டாம் எண்ணின் வேலை வழிவிடுவது மட்டும் இல்லை. அவர் புள்ளி சேர்க்க வேண்டும், எதிரி அணியின் கைகளைக் கட்டும் தூரத்திலும் இருக்க வேண்டும்.

அணிக் கட்டளை

வழிவிடச் சொல்வதற்கு அணிக் கட்டளை என்று பெயர். இதில் மிகப் பிரபலமானது 2002 மே 12, ஆஸ்திரியா. வார இறுதி முழுக்க பாரிக்கெல்லோதான் வேகம். முதல் இடத்தில் கிளம்பி, பந்தயத்தையும் கையில் வைத்திருந்தார். சீசனின் ஆறாவது பந்தயம்தான் அது. ஃபெராரியின் முதல் எண் மைக்கேல் ஷூமாக்கரிடம் அப்போதே 44 புள்ளி, பாரிக்கெல்லோவிடம் வெறும் 6. பட்டம் யாருக்கு என்பதில் பெரிய சந்தேகமே இல்லாத நேரத்தில் "விட்டுக்கொடு" என்று ரேடியோவில் வந்தது. கடைசிச் சுற்றின் கடைசி நேர்கோட்டில், எல்லோரும் பார்க்கும்படியாக, பாரிக்கெல்லோ ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தார். 0.182 விநாடி வித்தியாசத்தில் ஷூமாக்கர் ஜெயித்தார். கூட்டம் கூச்சல் போட்டது. மேடையில் சங்கடம் தாங்காமல் ஷூமாக்கர் பாரிக்கெல்லோவை முதல் படியில் ஏற்றிவிட்டார். மேடை முறையை மீறியதற்காக ஃபெராரிக்கு 10 லட்சம் டாலர் அபராதம் விழுந்தது, அதில் பாதி நிறுத்திவைக்கப்பட்டது.

அபராதம் மேடைக்கு, கட்டளைக்கு இல்லை. கட்டளை அன்று சட்டப்படி சரிதான். 2003 முதல்தான் தடை செய்தார்கள். அந்தத் தடையும் ஒழுங்காக வேலை செய்யவில்லை. "அவர் உன்னைவிட வேகமாக இருக்கிறார்" என்று ரேடியோவில் சூசகமாகச் சொன்னால் போதும் என்று ஆகிவிட்டது. 2011 முதல் தடையை எடுத்துவிட்டார்கள்.

போட்டாஸுக்கு நடந்தது 2018 ரஷ்யாவின் சோச்சியில். முதல் இடத்தில் கிளம்பிய அவரை 25-வது சுற்றில் ஹாமில்டனுக்கு வழிவிடச் சொன்னார்கள். விட்டார். பிறகு இடம் திரும்பி வரும் என்று எதிர்பார்த்தார், வரவில்லை. அந்த வருடம் ஹாமில்டன் 11 பந்தயம் ஜெயித்தார். போட்டாஸ் ஒன்றுகூட ஜெயிக்கவில்லை.

ஒரே பிட்ச்சில் ஆடியவர்கள்

இப்போது அளவுகோலுக்கு வருவோம். கிரிக்கெட்டில் சென்னையில் அடித்த 60 ரன்னையும் பெர்த்தில் அடித்த 60 ரன்னையும் ஒன்றாக எண்ண மாட்டோம், பிட்ச் வேறு. ஃபார்முலா 1-இல் கார்தான் பிட்ச். ஒரு டிரைவரோடு அதே பிட்ச்சில் ஆடுபவர் உலகத்திலேயே ஒருவர்தான், அவருடைய சக டிரைவர். ஆகவே பாரிக்கெல்லோவைப் போட்டாஸோடு நேரடியாக ஒப்பிட முடியாது. பாரிக்கெல்லோவை ஷூமாக்கரோடும், போட்டாஸை ஹாமில்டனோடும் ஒப்பிட்டு, கிடைக்கும் இரண்டு இடைவெளிகளைத்தான் பக்கத்தில் வைக்க வேண்டும்.

இந்த ஜோடிகளை நான் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. பாரிக்கெல்லோ 2000 முதல் 2005 வரை ஃபெராரியில் நூறைச் சற்றுத் தாண்டிய பந்தயங்கள் ஓட்டி 9 ஜெயித்தார். அதே ஆறு வருடத்தில் ஷூமாக்கர் ஜெயித்தது 49. போட்டாஸ் 2017 முதல் 2021 வரை மெர்சிடிஸில் 101 பந்தயம் ஓட்டி 10 ஜெயித்தார். அதே ஐந்து வருடத்தில் ஹாமில்டன் 50. தராசில் வைத்தது போல இருக்கிறது. வெற்றிகளை எண்ணி சண்டை போடுபவர்கள் இதைப் பார்த்ததும் அடங்கிவிடுவார்கள்.

எண்ணிக்கை சமம் என்பதால் ஆட்கள் சமம் ஆகிவிடுவதில்லை. அந்த 49-க்குள் 2005-இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் நடந்த பந்தயமும் ஒன்று. டயர் பிரச்சினையால் 14 கார்கள் பந்தயம் தொடங்கும் முன்பே விலகிக்கொள்ள, ஓடியது ஆறே கார்கள். ஷூமாக்கர் முதல், பாரிக்கெல்லோ இரண்டாவது. நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் நான்காவதாக வந்து தன் ஃபார்முலா 1 வாழ்க்கையில் புள்ளி வாங்கிய ஒரே பந்தயமும் அதுதான். ஆறு கார் ஓடினாலும் இருபது கார் ஓடினாலும் பட்டியலில் வெற்றி ஒன்றுதான்.

புள்ளிகளைக் கூட்டினால்?

வெற்றி சரிவரவில்லை என்றால் புள்ளிகளைப் பார்க்கலாம் என்று தோன்றும். பாரிக்கெல்லோ ஆறு வருடத்தில் 412, ஷூமாக்கர் 678. அதாவது முதலாமவர் 100 வாங்கினால் இரண்டாமவர் 61. போட்டாஸ் 1,327, ஹாமில்டன் 1,918.5. இங்கே 100-க்கு 69. ஆக, போட்டாஸ் தெளிவாக மேல், இல்லையா?

அவசரப்படக் கூடாது. பரீட்சையின் மார்க் திட்டமே வேறு. 2002 வரை ஜெயித்தவருக்கு 10 புள்ளி, இரண்டாவதாக வந்தவருக்கு 6. ஷூமாக்கர் ஒவ்வொரு முறையும் ஜெயித்து, பாரிக்கெல்லோ ஒவ்வொரு முறையும் ஒட்டிக்கொண்டே இரண்டாவதாக வந்தாலும் அவருக்கு 100-க்கு 60-தான் கிடைக்கும். 2003 முதல் 2009 வரை 10-க்கு 8, அப்படியானால் 80. 2010 முதல் 25-க்கு 18, அதாவது 72. இந்த 60, 80, 72 என்ற எண்களை 'எப்போதும் இரண்டாவது' கோடு என்று வைத்துக்கொள்வோம். ஒரு டிரைவரின் எண்ணை அவர் காலத்துக் கோட்டோடுதான் ஒப்பிட வேண்டும்.

பாரிக்கெல்லோவின் ஆறு வருடத்தை இரண்டாக உடைத்தால், முதல் மூன்று வருடம் 52, கோடு 60. அடுத்த மூன்று வருடம் கிட்டத்தட்ட 72, கோடு 80. இரண்டு பகுதியிலும் கோட்டுக்கு 8 கீழே. ஆள் மாறவே இல்லை, மார்க் திட்டம்தான் மாறியிருக்கிறது! போட்டாஸ் 69, கோடு 72. மூன்றுதான் கீழே. இப்படித் திருத்திய பிறகும் போட்டாஸ்தான் முன்னால் நிற்கிறார், ஆனால் எட்டு புள்ளி இடைவெளி ஐந்தாகக் குறைந்துவிட்டது.

மிச்சம் இருப்பதிலும் ஒரு பங்கு இயந்திரத்தின் தலையில் விழும். அன்றைய கார்கள் இன்றையவற்றைவிட அடிக்கடி பாதியில் நிற்கும். 2002-இன் முதல் மூன்று பந்தயத்திலும் பாரிக்கெல்லோ முடிவுக்கோட்டைத் தொடவில்லை, அதில் இரண்டு முறை கார்தான் காரணம். ஆஸ்திரியாவில் அவரிடம் 6 புள்ளிதான் இருந்ததன் ரகசியம் இதுதான். 2003 பிரேசிலில், தன் சொந்த ஊரான சாவ் பாவ்லோவில், முன்னால் போய்க்கொண்டிருந்தபோது பெட்ரோல் தீர்ந்து ஓரமாக நின்றார். ஊர்க்காரர்கள் முன்னால் இப்படி ஒரு சோகம்.

சனிக்கிழமைக் கணக்கு

பந்தயம் ஞாயிற்றுக்கிழமை என்றால், யார் எந்த இடத்தில் கிளம்புவது என்பதைப் பெரும்பாலும் முந்தைய நாள் சனிக்கிழமையே தகுதிச் சுற்றில் முடிவு செய்கிறார்கள். தனியாக ஒரு சுற்று ஓட்டி, நேரம் குறித்து, மிக வேகமானவருக்கு முதல் இடம். அந்த முதல் இடம்தான் போல் பொசிஷன். டிரைவரின் சுத்தமான வேகத்தைக் காட்டுவது இதுதான் என்பார்கள், பெரும்பாலும் சரிதான்.

இங்கே இடைவெளி பெரியது. போட்டாஸ் 20 போல் எடுத்தபோது ஹாமில்டன் 42. பாரிக்கெல்லோ 11 எடுத்தபோது ஷூமாக்கர் 41. ஹாமில்டனோ போல் பொசிஷன் கணக்கில் எல்லாக் காலத்துக்கும் முதல் ஆள். அவரிடமிருந்து 20 பிடுங்குவது லேசு இல்லை.

ஒரு சின்ன எச்சரிக்கை மட்டும். 2003 முதல் 2009 வரை, பந்தயத்தைத் தொடங்கும் பெட்ரோலோடுதான் தகுதிச் சுற்றின் முக்கியப் பகுதியை ஓட்ட வேண்டும். பெட்ரோல் குறைவாக வைத்தவர் கார் லேசு, வேகம் அதிகம், ஆனால் மறுநாள் சீக்கிரம் நிரப்ப வர வேண்டும். எனவே அந்த வருடங்களின் போல் பொசிஷனில் டிரைவரின் வேகமும் உண்டு, டேங்கின் கணக்கும் உண்டு. போட்டாஸின் 20-இல் அந்தக் கலப்படம் இல்லை.

கைமாறும் சங்கிலி

சிலர் இன்னும் கெட்டிக்காரத்தனமாக ஒரு வழி சொல்வார்கள். போட்டாஸ் வில்லியம்ஸில் இருந்தபோது 2014 முதல் 2016 வரை மூன்று வருடமும் ஃபெலிபே மாஸாவைப் புள்ளியில் ஜெயித்தார். மாஸா 2006-இல் ஷூமாக்கரின் சக டிரைவர். ஷூமாக்கரின் பழைய சக டிரைவர் பாரிக்கெல்லோ. ஆக ஒரு சங்கிலி கிடைத்துவிட்டது!

சங்கிலி துரு பிடித்தது. 2006 மாஸாவும் 2014 மாஸாவும் ஒரே ஆள் என்று எடுத்துக்கொள்ள முடியாது. நடுவில் 2009-இல் ஹங்கேரியில், முன்னால் போன காரிலிருந்து கழன்று வந்த ஒரு ஸ்பிரிங் அவர் ஹெல்மெட்டைத் தாக்கி, தலையில் பலத்த அடி. அந்த வருடம் முழுக்க அவர் திரும்ப ஓட்டவில்லை. அந்த ஸ்பிரிங் யார் காரிலிருந்து வந்தது தெரியுமா? பாரிக்கெல்லோ காரிலிருந்து. சங்கிலிப் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு இதுதான் ஞாபகம் வரும்.

சுருக்கமாக: நேரடி வெற்றிக் கணக்கு எதையும் பிரிக்கவில்லை. புள்ளிகளை அந்தந்தக் காலத்துக் கோட்டோடு வைத்தால் போட்டாஸ் கொஞ்சம் மேல், சனிக்கிழமை வேகத்தில் நன்றாகவே மேல். சங்கிலியை நம்ப வேண்டாம்.

எண்ணில் அடங்காத ஞாயிற்றுக்கிழமை

அப்படியானால் போட்டாஸ்தான் என்று முடித்துவிடலாமா? எனக்கு மனம் வரவில்லை.

2000-ஆம் ஆண்டு, ஜெர்மனியின் ஹாக்கன்ஹெய்ம். பாரிக்கெல்லோ கிளம்பியது 18-வது இடத்தில். ஷூமாக்கர் முதல் வளைவிலேயே மோதி வெளியே போய்விட்டார். கடைசிச் சுற்றுகளில் மழை. அந்தக் காலத்து ஹாக்கன்ஹெய்ம் மிக நீளம். ஸ்டேடியம் பக்கம் கொட்டும்போது காட்டுப் பக்கம் காய்ந்து கிடந்தது. மற்றவர்கள் மழை டயருக்கு ஓட, இவர் காய்ந்த தடத்துக்கான டயரிலேயே வழுக்கிக்கொண்டு ஓட்டி ஜெயித்தார். அதுதான் அவருடைய முதல் வெற்றி. மேடையில் குலுங்கி அழுதார்.

2003, ஜப்பானின் சுசூகா, சீசனின் கடைசிப் பந்தயம். ஷூமாக்கருக்கு ஒரு புள்ளியும் கிடைக்காமல் மெக்லாரன் அணியின் கிமி ராய்க்கோனன் ஜெயித்தால் பட்டம் கைமாறிவிடும். ஷூமாக்கர் 14-வது இடத்தில் கிளம்பி, நடுவில் இன்னொரு காரில் உரசி முன் இறக்கை உடைந்து, தட்டுத் தடுமாறி எட்டாவதாக வந்தார். முன்னால் போல் பொசிஷனில் கிளம்பிய பாரிக்கெல்லோ ஜெயித்துவிட்டார், ராய்க்கோனன் இரண்டாவது. முடிவில் 93-க்கு 91. முதல் எண் தடுமாறும் நாளில் கதவைச் சாத்திவைக்கும் ஆள் இவர். இரண்டாம் எண் என்றால் இதுதான் என்று நான் கைகாட்டும் பந்தயம் இது.

போட்டாஸிடம் இந்தப் பக்கம் கொஞ்சம் மெலிது. 2018 ஹங்கேரியில் ஹாமில்டனுக்காக ஃபெராரியின் செபாஸ்டியன் வெட்டலை நெடுநேரம் தடுத்துப் பிடித்தார், கடைசியில் மோதல்களில் சிக்கி ஐந்தாவதாக வந்தார். அணித் தலைவர் டோட்டோ வோல்ஃப் பாராட்டுவதாக நினைத்து "அருமையான விங்மேன்", அதாவது துணைக்கு நிற்கும் ஆள், என்றார். அந்தச் சொல் போட்டாஸுக்கு வலித்தது, வெளிப்படையாகவே சொன்னார். 2020 இஸ்தான்புல் ஈரத்தில் ஹாமில்டன் ஜெயித்து ஏழாவது பட்டத்தை வாங்கிய நாளில், போட்டாஸ் திரும்பத் திரும்பச் சுழன்று, ஒரு சுற்று பின்தங்கி 14-வதாக வந்தார். ஆனால் அதே இஸ்தான்புல்லில், அடுத்த வருடம், அதே ஈரத்தில் அவர்தான் ஜெயித்தார். முன்னால் யாரும் இல்லாமல் ஓட்டும்போது அவர் வேறு ஆள். கூட்டத்துக்குள் மாட்டிக்கொண்டால்தான் சிக்கல்.

என்னைக் கேட்டால், சனிக்கிழமைக்குப் போட்டாஸ், மழை மேகம் தெரியும் ஞாயிற்றுக்கிழமைக்குப் பாரிக்கெல்லோ.

ஆஸ்திரியாவில் பறிபோன வெற்றியை பாரிக்கெல்லோவுக்குத் திருப்பிக் கொடுத்தால் 9 என்பது 10 ஆகும் என்று அவர் ரசிகர்கள் இன்றும் சொல்வார்கள். கொடுக்கலாம். ஆனால் அதே 2002-இல் இண்டியானாபொலிஸில், கடைசி நேர்கோட்டில் ஷூமாக்கர் வேகத்தைக் குறைக்க, 0.011 விநாடியில் பாரிக்கெல்லோ ஜெயித்ததும் கணக்கில் இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் மறுபடி 9. சோச்சியைத் திருப்பிக் கொடுத்தால் போட்டாஸுக்கு 11. அதற்கு ஈடாக அவருக்கு யாரும் ஒரு வெற்றியை விட்டுக்கொடுத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.